ஒற்றைக் கோடு

வீடு மாற்றும் வேலையில் எடைத் தராசு கிடையாது. சாக்பீஸ்தான். பெட்டியை ஒரு பக்கம் லேசாகக் கிளப்பிப் பார்த்துவிட்டு மேலே ஒரு கோடு இழுத்தால் ஓராள் தூக்கு. இரண்டு கோடு என்றால் ஈராள் தூக்கு. மூன்று கோடு என்றால் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுச் சண்டை போடவேண்டிய சாமான். ஒருவன் கோடு போட்டுவிட்டால் அப்புறம் அதில் பேச்சில்லை. ஒற்றைக் கோடு போட்டவனுக்கு நீயாகப் போய்க் கை கொடுத்தால், "என்ன, என்னை நோயாளின்னு நெனச்சியா?" என்று வாங்கிக் கட்டிக்கொள்வாய்.

என் அறை மூலையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதன் மேல் இரண்டு கோடு. போட்டவன் என் தம்பி. வெள்ளை மங்கிவிட்டது. தூசு தட்டும்போதுகூட அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் தட்டுவேன்.

பெட்டிக்குள் இருந்தது டெலஸ்கோப்பின் மவுண்ட். டெலஸ்கோப் என்றதும் எல்லாரும் குழாயைத்தான் நினைப்பார்கள். குழாயில் ஒன்றுமில்லை, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நானே படி ஏறிவிடுவேன். அதைத் தாங்கி நிற்கிற அடிப்பாகம்தான் மவுண்ட். வானம் நகர்கிற வேகத்துக்குத் தானும் மெல்லத் திரும்பி, பார்க்கிற நட்சத்திரத்தைக் குழாய்க்குள்ளேயே பிடித்து வைத்திருக்கும். கேமராவை மாட்டிப் படம் எடுப்பதானால் அது துளி ஆடக் கூடாது. பழைய காலத்து மவுண்ட்டுக்கு ஆடாமல் இருக்கத் தெரிந்த ஒரே வழி, கனமாக இருப்பது.

ஒரு வீட்டைக் காலி செய்யப் போனபோது கிடைத்தது அது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மகள் வீட்டில் ஓர் அறைக்குள் போய் அடங்க வேண்டியவர். எல்லாவற்றையும் ஏற்றி முடித்த பிறகு டெலஸ்கோப்பை மட்டும் ஏற்ற வேண்டாம் என்றார்.

"அங்க வைக்க இடமில்லப்பா. என்னால இனி தூக்கவும் முடியாது. நீங்க ரெண்டு பேர் இருக்கீங்க. நீங்களே எடுத்துக்கங்க."

தம்பி அதைப் பழைய இரும்புக்குப் போடலாம் என்றான். நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முதல் தடவை நிலாவைப் பார்த்தபோது "யோவ்!" என்று கத்தினான். பிறந்ததிலிருந்து என்னை அண்ணே என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிடாதவன்.

நான் இருப்பது மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. மொட்டை மாடியில் எதையும் போட்டு வைக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் உத்தரவு. அதனால் ஒவ்வொரு தடவையும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேலே ஏற்றி, பார்த்து முடித்ததும் கீழே இறக்க வேண்டும். படி திரும்புகிற இடத்தில் பெட்டியின் மூலை உரசி உரசி, சுவரில் பூச்சு போய்ச் செங்கல் தெரிகிறது. நாலாம் மாடியில் ஒரு தையல்காரம்மா. "திருப்பு!" "நில்லு!" "என் கையில!" என்று நாங்கள் கத்துவது அவருடைய மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். ஊசி நூலோடு கதவைத் திறந்து, "பொணத்தத் தூக்கிட்டுப் போறவங்ககூட இவ்வளவு கத்த மாட்டாங்க" என்பார்.

"பொணம் பரவால்லம்மா, கனம் கம்மி" என்பான் தம்பி.

"என் கையில" என்பது எங்கள் வேலையில் முக்கியமான சொல். பாரம் ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்குப் போகும்போது, வாங்குகிறவன் அதைச் சொல்கிற வரைக்கும் கொடுக்கிறவன் விடக் கூடாது. சொன்ன பிறகு பிடித்துக்கொண்டிருக்கவும் கூடாது. முந்தி விட்டால் பாரம் விழும் என்பது யாருக்கும் தெரியும். பிந்தி விட்டால் என்ன ஆகும் என்பது வேலை பழகியவனுக்குத்தான் தெரியும். ஒருவன் இழுக்க, ஒருவன் பிடிக்க, பெட்டி முறுக்கிக்கொண்டு கீழே நிற்பவன்மேல் சாயும். நானும் தம்பியும் ஜோடியாகத் தூக்கிய காலமெல்லாம் இந்தச் சொல்லில் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

தம்பிக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் பார்த்துச் சரி சொன்னவனே நான்தான். மாமனார் வீட்டுப் பக்கம் குடிபோனான். தூக்கும் வேலையை விட்டுவிட்டு அங்கே இருக்கிற இன்னொரு கம்பெனியில் வேன் ஓட்டுகிறான். முதுகைக் காப்பாற்றிக்கொண்டான். நல்ல முடிவு. பிறகு ஒரு பெண் குழந்தை. எனக்கு வேலையில் தினம் ஒரு புது ஜோடி. "என் கையில" என்று சொல்லச் சொன்னால், "ஓகே" என்பான்கள். ஓகே என்றால் என்ன, வாங்கிவிட்டானா, வாங்கப்போகிறானா?

ஆரம்பத்தில் தம்பி வாரம் ஒரு தடவை வந்துகொண்டிருந்தான். வந்து, செருப்பை உதறிவிட்டு, "தூக்குண்ணே" என்பான். பிறகு மாதம் ஒரு தடவை. நான் அவன் வீட்டுக்குப் போகாமலில்லை. போனால் சோபா விளிம்பில் உட்காருவேன். அவன் மனைவி நல்ல பெண். "மாமா, டீ ஆறிடுச்சே, வேற போடவா?" என்பாள். குழந்தையை என் மடியில் வைப்பாள். அது என் விரலைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்து அழும். தம்பி டிவியைப் பார்ப்பான், நான் டிவியைப் பார்ப்பேன். "அப்புறம்?" என்பான். "அப்புறம் என்ன" என்பேன். எங்களுக்கு நடுவில் தூக்க ஏதாவது இருந்தால்தான் பேச்சு வரும். வெறும் கையோடு பேசிக்கொள்ள நாங்கள் பழகவேயில்லை.

இப்படி இருக்கும்போதுதான் வால் நட்சத்திரம் வந்தது.

சூரியன் மறைந்த கையோடு மேற்கே தெரியும், சில வாரங்களுக்குத்தான் என்று செய்தியில் சொன்னார்கள். அன்றைக்கே தம்பிக்குப் போன் செய்தேன்.

"வர்றேண்ணே. இந்த வாரம் பாப்பாவுக்குச் சளி. அடுத்த வாரம் கண்டிப்பா."

அடுத்த வாரம் செய்தேன்.

"டபுள் ஷிப்ட்டுண்ணே. அதுக்கு என்ன அவசரம், வானத்துலதான இருக்கு?"

"வானத்துல இருக்கு, ஆனா போயிட்டே இருக்குடா. இப்ப போனா மறுபடி வர்றப்ப உன் பேரன் எலும்புகூட மிச்சம் இருக்காது."

சிரித்தான். பின்னால் குழந்தை அழும் சத்தம். "வைக்கிறேண்ணே."

பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்து நான் தனியாகத் தூக்கிப் பார்த்தேன். என் பக்கம் எழுந்தது. அந்தப் பக்கம் தரையிலேயே இருந்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் கேமரா, பைனாகுலர் விற்கும் கடைக்குப் போனேன். ஏற்கெனவே பல தடவை போயிருக்கிறேன். கடைக்காரம்மா என்னைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"வாங்க. இன்னைக்கும் தொட்டுப் பாத்துட்டுப் போறதுக்குத்தானா?"

"இன்னைக்கு வாங்கலாம்னு."

"அப்ப உக்காருங்க. ஸ்டூல் போடச் சொல்றேன். இத்தன நாள் நின்னுட்டே பாத்தீங்க." உட்கார்ந்ததும் கேட்டார்: "பாக்கவா, படம் எடுக்கவா?"

"ரெண்டும்."

"ரெண்டும்னு சொல்றவங்கதான் என் தலைவலி. எத்தன மாடி?"

"மொட்ட மாடிக்கு. லிஃப்ட் இல்ல."

"தூக்க யாரு? கூட ஆள் உண்டா?"

"தம்பி இருக்கான்."

"தினமும் வருவாரா?"

நான் அலமாரியில் இருந்த பைனாகுலர்களைப் பார்த்தேன். அவர் குரலைக் கொஞ்சம் இறக்கிச் சொன்னார்.

"கூட ஆள் இருந்தா, உங்ககிட்ட இருக்கிற பழசையே வெச்சுக்கங்க. அது மாதிரி நிக்கிற மவுண்ட்டு நான் இப்ப விக்கிறதுல எதுவுமில்ல. வியாபாரம் கெட்டாலும் உண்மையச் சொல்லிடணும். ஆள் இல்லன்னாத்தான் இங்க பாக்கணும்."

விஷயம் அவ்வளவுதான். தம்பியை என் வீட்டுக்கு வரவழைக்க இந்த உலகத்தில் என்னிடம் இருந்த ஒரே காரணம் அந்தப் பெட்டியின் கனம். லேசாக ஒன்று வாங்கிவிட்டால் வானம் எனக்குக் கிடைக்கும். தம்பி வரத் தேவையில்லாமல் போகும். வாங்காவிட்டால் வால் நட்சத்திரம் போய்விடும், தம்பி "அடுத்த வாரம்" என்பான்.

"ஆள் இல்லம்மா" என்றேன்.

கடைக்காரம்மா மூன்றைத் தரையில் இறக்கி வைத்தார். முதலாவது மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் திரும்புகிறது. வைத்த மாத்திரத்தில் பார்க்கலாம், ஒரு நிமிட வேலை. ஆனால் வானம் வளைந்து போகும், இது படி ஏறுகிற மாதிரி விட்டு விட்டுப் பின்னால் போகும், கொஞ்ச நேரம் படம் எடுத்தால் ஓரமெல்லாம் சுழன்றுவிடும் என்றார். இரண்டாவது துருவ நட்சத்திரத்தைப் பார்த்துச் சாய்த்து வைப்பது. எங்கள் பெரிய பெட்டிக்குள் இருப்பதன் பேரப்பிள்ளை மாதிரி இருந்தது. ஒரு பக்கம் குழாய், மறுபக்கம் சமன் செய்ய ஓர் இரும்பு எடை. மூன்றாவது ஒரு செங்கல் அளவுதான். கேமராவை மட்டும் தாங்கும்.

நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். ஒரு தோளால் தள்ளிப் பார்த்தேன்.

"ஐயய்ய, தள்ளாதீங்க. இது பீரோ இல்ல."

"எவ்வளவு தாங்கும்?"

"அட்டையில போட்டிருக்கு. அது பாக்கறதுக்கு. படம் எடுக்கறதுன்னா அதுல பாதின்னு வெச்சுக்கங்க. உங்க குழாயும் கேமராவும் சேந்தா இதோட எல்லைல வந்து நிக்கும். வேண்டாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "எங்க வேலையில எழுதினதுக்கு மேலதாம்மா தாங்கும். கயிறு, தள்ளுவண்டி எதுவானாலும் எழுதினவன் பயந்துட்டே எழுதுவான். கயித்துல எழுதியிருக்கிறதுக்கு ரெண்டு மடங்கு நான் தொங்க விட்டிருக்கேன். ஒண்ணும் ஆகல."

"கயிறு தாங்கலைன்னா அறும். அறுந்தா உங்களுக்குத் தெரியும். இது அறாது. ஆடும். உங்க கண்ணுக்கு அது தெரியாது, கேமராவுக்குத் தெரியும்."

"நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்குவீங்க. அப்புறம் எனக்குப் போன் பண்ணுவீங்க" என்று பில் போட்டார். போடும்போது, பழைய மவுண்ட்டை எப்போதாவது விட நினைத்தால் சொல்லச் சொன்னார். ஒரு கல்லூரியில் மேடை கட்டி நிரந்தரமாக வைக்க அப்படி ஒன்றைத் தேடுகிறார்களாம். அங்கே யாரும் தூக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து புதிய மவுண்ட்டைப் பையில் போட்டு, அது நிற்கிற முக்காலியையும் சேர்த்துக் கட்டினேன். குனிந்து, மூச்சைப் பிடித்து, தொடையில் பலம் வாங்கித் தூக்கினேன். பழக்கம். பை காற்றடைத்த பந்து மாதிரி எழும்பி என் தாடையில் இடித்தது. உதடு வெட்டுப்பட்டு ரத்தம் வந்தது. இத்தனை வருடத்தில் எவ்வளவோ பாரம் என்மேல் விழுந்திருக்கிறது. கனமில்லாத சாமான் என்னை அடித்தது அதுதான் முதல் தடவை.

சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தேன். பையின் கறுப்புத் துணியில் ஒரு கோடு இழுத்தேன். யோசித்தெல்லாம் செய்யவில்லை. சாமான் வந்தால் கோடு போடுவது கையின் வேலை.

அன்று சாயங்காலமே மாடிக்குப் போனேன். குழாயை ஒரு தடவை, பையை ஒரு தடவை. வெளிச்சம் வடிந்து துருவ நட்சத்திரம் தட்டுப்பட்டதும் மவுண்ட்டைச் சாய்த்துப் பூட்டினேன். குழாயை ஏற்றினேன். அதைக் கவ்வியில் உட்கார வைப்பது எப்போதும் நான், திருகை முறுக்குவது தம்பி. இப்போது ஒரு கையால் குழாயைப் பிடித்து, மறு கையால் திருகைத் தேடினேன். கிடைத்தது. ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மேற்கே, மொட்டை மாடித் துணிக்கொடிகளுக்கு மேல், வால் நட்சத்திரம் இருந்தது. கண்ணை வைத்துப் பார்த்தேன். பஞ்சை நடுவில் கிள்ளி இழுத்த மாதிரி ஒரு வெளிச்சம். "டேய், பாருடா" என்று வாய் வரைக்கும் வந்து நின்றது.

பிறகு கேமராவை மாட்டிப் படம் எடுத்தேன். திரையில் பார்த்தால் நட்சத்திரமெல்லாம் புழு. ஒவ்வொன்றும் ஒரே பக்கமாக நெளிந்திருந்தது. வால் நட்சத்திரம் சுவரில் ஈரக் கையைத் தேய்த்த தடம் மாதிரி இருந்தது. இன்னொன்று எடுத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தேன். தள்ளிப் போய் நின்று எடுத்தேன். காற்று லேசாகத்தான் இருந்தது. ஆனாலும் புழு.

கடைக்காரம்மா போனை எடுத்ததும், "ஆடுதா?" என்றார்.

"ஆடுது."

"நான் என்ன சொன்னேன்?"

"பாதின்னு சொன்னீங்க."

"குழாய இறக்கிடுங்க. கேமராவுல சின்ன லென்ஸப் போட்டு அத மட்டும் மவுண்ட்டுல வைங்க. பாறை மாதிரி நிக்கும். வால் நட்சத்திரத்துக்குக் குழாயே வேண்டாம், அகலமாத்தான் எடுக்கணும். குழாய வெச்சு நிலாவ, சனிய நல்லாப் பாருங்க, யார் வேண்டான்னது? ரெண்டும் ஒரே நேரத்துல வேணும்னா பெரிசா வாங்கணும். பெரிசா வாங்கினா ஆள் வேணும்."

எல்லாம் சுற்றிச் சுற்றி அந்த இடத்துக்கே வந்து நின்றது. குழாயை இறக்க எனக்கு மனசு வரவில்லை. அதுவும் இல்லாமல் மாடியில் வெறும் கேமராவோடு நிற்பது யாரோ கல்யாண வீட்டுப் போட்டோக்காரன் வழி தவறி வந்த மாதிரி இருக்கும் என்று பட்டது. அடுத்து வந்த நாட்களில் மேகம். மேகம் எனக்குச் சௌகரியமாக இருந்தது, எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி தாண்டிக் கதவு தட்டினார்கள். தம்பி. சொல்லாமல் வந்திருக்கிறான். காலில் வேலை ஷூ.

"மேகம் கலஞ்சிடுச்சு பாத்தியாண்ணே? வேன கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன். வா, இருட்டுறதுக்குள்ள ஏத்திடலாம்." கைகளைத் தேய்த்துக்கொண்டு மூலைக்குப் போனான். பெட்டியின் பக்கத்தில் கறுப்புப் பை இருந்தது. நின்றான்.

குனிந்து கோட்டைப் பார்த்தான். விரலால் தொடவில்லை.

"ஒத்தக் கோடா?"

"ஆமா."

"என்னது இது?"

"மவுண்ட்டு. புதுசு."

பையை ஒரு கையால் கிளப்பினான். கிளப்பியவுடனே வைத்துவிட்டான். ஒற்றைக் கோட்டுச் சாமானை அடுத்தவன் தொடக் கூடாது என்பது அவனுக்கும் ஞாபகம் இருந்திருக்கும்.

"எப்ப வாங்கின?"

"போன வாரம்."

"சொல்லவே இல்ல."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? நீ டபுள் ஷிப்ட்டுல இருந்த."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். ஷூ கயிற்றை அவிழ்த்தான், மறுபடி கட்டினான். முகத்தில் ஏதோ வந்து போனது. கோபம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்து அவன் பேசியபோது குரல் லேசாகியிருந்தது.

"நல்லதாப் போச்சுண்ணே. எனக்கும் முன்ன மாதிரி முதுகு ஒத்துழைக்கிறதில்ல. ஒவ்வொரு தடவையும் இங்கேந்து போனா ரெண்டு நாள் இவ கையால எண்ண தேச்சுக்கிட்டுக் கெடப்பேன். உங்கிட்ட சொன்னா நீ கஷ்டப்படுவேன்னு சொல்லல."

"சொல்லியிருக்கலாம்ல."

"நீ கூப்பிடுறப்ப எப்படிச் சொல்றது?"

நான் டீ போட்டேன். ஆளுக்கொரு டம்ளர். குடித்தோம்.

"அப்புறம்?" என்றான்.

"பழசக் கேக்குறாங்க. ஏதோ காலேஜுல மேட கட்டி வைக்கப் போறாங்களாம். கேமராக் கடைக்காரம்மா எடுத்துப்பாங்க."

"அப்ப இப்பவே ஏத்திடலாமே! வேன் கீழதான நிக்குது? போற வழியில கடைப் பசங்கள வெச்சு எறக்கிட்டுப் போயிடறேன்." எழுந்துவிட்டான். தூக்க ஒன்று கிடைத்ததும் எங்கள் இருவருக்கும் உயிர் வந்தது. அதை மறைக்க முடியாது.

கைப்பிடியைப் பிடித்தோம். "ஒண்ணு ரெண்டு" எல்லாம் எங்களுக்குக் கிடையாது. அவன் மூச்சு இழுப்பது கேட்கும், நானும் இழுப்பேன், பெட்டி எழும். எழுந்தது. அவன் கீழ்ப்பக்கம், நான் மேல்பக்கம்.

"கொஞ்சம் எடை போட்டிருக்கியாண்ணே?"

"நானா, பெட்டியா?"

"நீ. பெட்டி அப்படியேதான் இருக்கு, சிக்குனு."

"உன் தொப்பையில பெட்டி உக்காந்து வருது, நீ என்னச் சொல்ற. திருப்பு."

"திருப்பியாச்சு. நில்லு, நில்லு. சைக்கிள் இருக்கு. யாருடா இது படியில சைக்கிள் விடறது?"

"ரெண்டாம் மாடிக்காரன். அவன் வீட்ட மாத்தறப்ப நான்தான் வருவேன், அன்னைக்கு இருக்கு அவனுக்கு."

சிரிப்பில் பெட்டி ஆடியது. தம்பிக்கு வேர்த்துக் கொட்டியது. கழுத்தில் நரம்பு எழுந்திருந்தது. அவன் சொன்னது பொய்யில்லை, இடது தோள் இறங்கித்தான் இருந்தது. நான் இவ்வளவு நாளும் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கூப்பிட்டிருப்பேன்.

கடைசிப் படிக்கட்டு குறுகலானது. அந்த மாதிரி இடத்தில் எப்போதும் மேலே இருப்பவன் பாரத்தைக் கீழே இருப்பவன் கைக்கு முழுசாக மாற்றிவிட வேண்டும். அவன் அதை நெஞ்சில் வாங்கி, பின்னால் இரண்டு எட்டு நடந்து, தரையில் இறக்குவான். மேலே இருப்பவன் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். வேலையில் நூறு தடவை செய்தது.

தம்பி முழங்காலை மடக்கி நின்றான். பாரம் அவன் பக்கம் சாய்ந்தது.

"என் கையில" என்றான்.

நான் விடவில்லை.

ஏன் என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. விரல்கள் கைப்பிடியில் இருந்தன. காதில் சொல் விழுந்தது. விரல் திறக்கவில்லை. அவன் பின்னால் ஒரு படி இறங்கினான், பெட்டி முறுக்கிக்கொண்டது, ஒரு மூலை எழும்பி அவன் மோவாய்க்கு வந்தது. அவன் கால் வழுக்கி முட்டியைச் சுவரில் இடித்துக்கொண்டான்.

"அண்ணே! என் கையில! என் கையிலன்னு சொல்றேன்ல! விடுண்ணே!"

விட்டேன்.

அவன் பெட்டியை எப்படியோ நெஞ்சில் வாங்கி, தடுமாறி, தரையில் வைத்தான். வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து முட்டியைத் தேய்த்தான். கால்சட்டையில் சுவர்ப் பூச்சு வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"என்னாச்சு உனக்கு? நேத்து வேலைக்கு வந்தவன் செய்ற வேலையா இது?"

"கை பிடிச்சுக்கிச்சு."

"பிடிச்சுக்கிச்சா. என் மூஞ்சி போயிருக்கும். வீட்டுல போய் என்னன்னு சொல்றது, அண்ணன் பெட்டிய விடலன்னா?"

அவன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"பெட்டி இல்லாட்டியும் வருவேண்ணே."

"சரிடா."

"நெசமா."

"சரின்னேன்ல."

வேனில் ஏற்றினோம். கதவைச் சாத்தினான். வெயில் மஞ்சளாகிவிட்டது. மேற்கே ஒரு மேகம் இல்லை.

"இன்னும் கொஞ்ச நேரத்துல இருட்டிடும். மேல தூக்க ஒண்ணும் இல்ல. சும்மா வந்து பாத்துட்டுப் போயேன்" என்றேன்.

அவன் மேலே பார்த்தான். போனைப் பார்த்தான். "கடைய மூடிடுவாங்கண்ணே. பாப்பாவக் குளிக்க வைக்கணும், இவ தனியா இருப்பா. இன்னொரு நாள்..." என்றவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். இன்னொரு நாள் அது அங்கே இருக்காது என்று நான் சொல்லியிருக்கிறேன்.

"போட்டோ எடுத்து அனுப்பு, சரியா?"

"அனுப்புறேன். முட்டிக்கு ஐஸ் வை."

வேன் தெரு முனையில் திரும்புகிற வரை நின்றேன். பின் கண்ணாடி வழியாகப் பெட்டி தெரிந்தது. அதன் மேல் இருந்த இரண்டு கோடும் இந்தத் தூரத்துக்குத் தெரியவில்லை.

மாடிக்குக் குழாயை எடுத்துப் போகவில்லை. கறுப்புப் பையும் கேமராவும் மட்டும். ஒரே நடையில் ஏறிவிட்டேன், மூச்சு வாங்கவில்லை. மவுண்ட்டைச் சாய்த்துப் பூட்டி, சின்ன லென்ஸ் போட்ட கேமராவை வைத்தேன். கடைக்காரம்மா சொன்னது சரி. பாறை மாதிரி நின்றது. முதல் படத்திலேயே நட்சத்திரமெல்லாம் ஊசியால் குத்திய புள்ளி. நடுவில் வால் நட்சத்திரம், வால் நீளமாக, சுத்தமாக. கீழ் ஓரத்தில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் ஒரு துணிக்கொடியும் விழுந்திருந்தன. கொடியில் ஒரு குழந்தைச் சட்டை.

என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல படம் அதுதான். திரையை எந்தப் பக்கம் திருப்பிக் காட்டுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். தம்பிக்கு அனுப்பினேன்.

கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. பிறகு, "சூப்பர்ண்ணே. எது அது, நடுவுல இருக்கறதா?"

"ஆமா" என்று அடித்தேன்.

மேற்கே அது துணிக்கொடிக்குக் கீழே இறங்குகிற வரை இருந்துவிட்டு, எல்லாவற்றையும் பையில் போட்டேன். வலது கையில் பை. இடது கைக்கு வேலை இல்லை. கைப்பிடிச் சுவரைப் பிடிக்கலாம் என்று பிடித்தேன். படி திரும்புகிற இடத்தில், செங்கல் தெரிகிற மூலைக்கு வந்ததும், "திருப்பு" என்றேன். பை எங்கும் உரசவில்லை.

தையல்காரம்மா கதவைத் திறந்தார். தோளில் அளவு நாடா.

"யாருகிட்ட பேசுறீங்க?"

"யாருமில்லம்மா."

"ஏறினதே தெரியல. இன்னைக்கு என்ன, சத்தமே காணோம்? தம்பி வரலியா?"

"வந்துட்டுப் போயிட்டான்."

"ஓ" என்றார். இன்னும் ஏதோ திட்டுவதற்கு வாயில் இருந்திருக்கும் போலிருக்கிறது. பையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் அடுத்த படியில் காலை வைத்தேன்.